ஓடிப்போகவும் பெர்மிட் வேண்டும்

1939 மார்ச் 29. ‘கான் வித் தி விண்ட்’ படப்பிடிப்பில் கிளார்க் கேபிளுக்கு அன்று வேலை இல்லை. அவரும் நடிகை கரோல் லொம்பார்டும், ஸ்டூடியோ விளம்பரப் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் துணையோடு லாஸ் ஏஞ்சல்ஸை விட்டுக் காரில் கிளம்பினார்கள். பாலைவனத்தின் குறுக்கே 500 கிலோமீட்டர் போய், அரிசோனாவில் கிங்மேன் என்ற சின்ன ஊரில் லைசென்ஸ் வாங்கினார்கள். அங்கேயே ஒரு தேவாலயத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊர் திரும்பிவிட்டார்கள். மறுநாள் பத்திரிகைக்காரர்கள் அவர்கள் வீட்டில் கூடியபோது எழுதுவதற்கு மிச்சமிருந்தது செய்தி மட்டும்தான், சம்பவம் முடிந்திருந்தது.

அந்த இருவருக்கும் பாலைவனம் என்பது கடக்க வேண்டிய தூரம். மணல் மேட்டையும் செம்பாறையையும் ரசிக்க வண்டியை நிறுத்தியிருந்தால்தான் ஆச்சரியம்.

இன்று அதே வட்டாரத்தில், அதாவது கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா, யூட்டா மாநிலங்களில் விரிந்து கிடக்கும் வறண்ட நிலத்தில், ‘ஓடிப்போய்’ கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடி ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பே தேதி குறிக்கிறது. புகைப்படக்காரருக்கு அட்வான்ஸ் போகிறது. தேசியப் பூங்கா அலுவலகத்துக்கு விண்ணப்பம் போகிறது. அம்மா அப்பாவுக்கும் தகவல் போகிறது; பல ஜோடிகளோடு அவர்களே கூட வந்து நிற்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் செய்த காரியம், யார் யாருக்குச் சொல்வது என்று பட்டியல் போட்டுச் செய்யும் காரியமாகிவிட்டது. பாலைவனமோ போகிற வழியாக இருந்தது போய், போய்ச் சேரும் இடமாகிவிட்டது.

மூன்று நாள் பொறுக்காதவர்கள்

1927-ல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. கல்யாண லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் அது கைக்கு வர மூன்று நாள் ஆகும். ராத்திரி போதையில் எடுத்த முடிவு தெளிவதற்கு அவகாசம் கொடுப்பது நோக்கம். ‘ஜின் கல்யாணச் சட்டம்’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். மூன்று நாளில் விஷயம் வெளியே கசியும், பெண்ணின் அப்பா வந்து நிற்பார், பெண் நடிகையாக இருந்தால் அவருக்கு முன்னால் நிருபர் வந்து நிற்பார். 1939-ல் இதோடு ரத்தப் பரிசோதனையும் சேர்ந்துகொண்டது.

கொலராடோ ஆற்றைத் தாண்டினால் அரிசோனாவின் யூமா நகரம். அங்கே காத்திருப்பும் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. லைசென்ஸ், நீதிபதி, கையெழுத்து, முடிந்தது. 1930-ல் 17 வயது நடிகை லொரெட்டா யங், நடிகர் கிரான்ட் விதர்ஸோடு யூமாவுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருடமே அது ரத்தானது. அந்தச் சமயத்தில் வெளிவந்த, இருவரும் சேர்ந்து நடித்த படத்தின் பெயர் ‘டூ யங் டு மேரி’. கல்யாணத்துக்கு வயசு போதாது என்று அர்த்தம். 1933-ல் நடிகை ஜீன் ஹார்லோவும் ஒளிப்பதிவாளர் ஹெரால்ட் ராசனும் விமானத்தை வாடகைக்கு எடுத்து யூமாவில் போய் இறங்கினார்கள்.

நெவாடா இதை ஒரு தொழிலாகவே நடத்தத் தொடங்கியது. 1931 மார்ச்சில் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய அதே நாளில், ஆறு வாரம் தங்கினால் விவாகரத்து வாங்கலாம் என்ற சட்டத்திலும் ஆளுநர் கையெழுத்திட்டார். கல்யாணத்துக்கு அந்த ஆறு வாரமும் வேண்டாம். வந்த அன்றே செய்துகொள்ளலாம். அந்த டிசம்பரில் பேசாப்பட நட்சத்திரம் கிளாரா போ, நடிகர் ரெக்ஸ் பெல்லை லாஸ் வேகஸில் மணந்தார். இந்த ஜோடி ஒரு விதிவிலக்கு. நகரத்தைவிட்டு, சர்ச்லைட் என்ற சுரங்க ஊருக்கு அருகே, ஜோஷுவா மரங்களுக்கு நடுவே பண்ணை போட்டுப் பாலைவனத்திலேயே குடியிருந்தார்கள். கேபிளின் முந்தைய மனைவி விவாகரத்து வாங்கியதும் லாஸ் வேகஸில்தான்; அதுவும் அதே 1939 மார்ச்சில், கிங்மேன் கல்யாணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்.

பயணம் சுலபமானதல்ல. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கிலிருந்து யூமாவுக்குப் போகிறவர் அல்கோடோன்ஸ் மணல்மேடுகளைத் தாண்டியாக வேண்டும். 1915-லிருந்து 1926 வரை அங்கே இருந்தது மரப்பலகைச் சாலை. ஒரு வண்டி போகும் அகலம். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் மேடை இருக்கும் இடம்வரை யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். ராத்திரிக் காற்று பலகையை மூடிவிட்டால் மணலை வாரிப் போட்டுவிட்டுத்தான் நகர முடியும். அந்தப் பலகைகளின் மிச்சம் இன்றும் அந்த மணலில் கிடக்கிறது.

தார்ச்சாலை வந்த பிறகும் வெயில் மாறவில்லை. அந்தக் காலத்துக் கார்களின் முன்பக்கத்தில் ஒரு கேன்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கும். துணி வழியே கசியும் ஈரம் காற்றில் உலர உலர உள்ளே தண்ணீர் குளிர்ந்துகொண்டே வரும். நம் மண்பானை செய்யும் அதே வேலை. ரேடியேட்டர் கொதித்தாலும் தொண்டை காய்ந்தாலும் கை நீளுவது அந்தப் பைக்குத்தான். ஏசி இல்லாத காரில் பகலில் கிளம்பப் பயந்து இருட்டிலேயே பாதித் தூரத்தைக் கடந்துவிடுவார்கள். ரகசியத்துக்கும் அது வசதி.

பாலை வழியே ஒரு ஜோடி புறப்பட்டுப் போவது தமிழ் வாசகருக்குப் பழகிய காட்சி. சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு நடப்பது பாலை நிலத்தில்தான். வற்றிய சுனை, ஆறலைகள்வர், பின்னாலேயே தேடிவரும் செவிலித்தாய் என எல்லாம் அங்கே உண்டு. அங்கேயும் பாலை போய்த் தங்குகிற இடமல்ல, கடந்துபோகிற சுரம். நிலம் எவ்வளவு கொடியது என்று காட்டித்தான் தலைவியின் துணிவைக் காட்டினார்கள். வெயிலுக்குப் பயப்படாதவள் வீட்டுக்கும் பயப்பட மாட்டாள் என்பது கணக்கு. இருட்டில் யூமாவுக்கு வண்டி ஓட்டியவர்களின் கணக்கும் ஏறக்குறைய அதேதான்.

எல்லோருக்கும் திறக்காத கதவு

யூமா எதையும் கேட்காத ஊர் என்று சினிமாப் பத்திரிகைகள் எழுதின. ஒரு கேள்வியை மட்டும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது: நீங்கள் என்ன இனம்?

1930-களில் அரிசோனா சட்டப்படி வெள்ளையர் ஒருவர் கறுப்பினத்தவரையோ, சீன ஜப்பானிய வம்சாவளியினரையோ, பிலிப்பினோவையோ, பூர்வகுடியினரையோ மணந்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. அந்தப் பட்டியலில் ‘இந்து’க்களும் இருந்தார்கள். சீக்கியராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும், இந்தியாவிலிருந்து போனவர் எல்லோருக்கும் அன்றைய அமெரிக்கா ஒட்டிய முத்திரை அது.

அந்தப் பட்டியல் யாரைத் தொட்டது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். மணல்மேடுகளின் மேற்கே இம்பீரியல் பள்ளத்தாக்கில், கால்வாய்த் தண்ணீரை நம்பிப் பருத்தி பயிரிட்ட பஞ்சாபி விவசாயிகள் இருந்தார்கள். ஊரிலிருந்து பெண்ணை அழைத்துவரக் குடியேற்றச் சட்டம் விடவில்லை. 1923-ல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த விவசாயிகளில் பலர் பக்கத்து வயல்களில் வேலைக்கு வந்த மெக்சிகோக் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். கலிபோர்னியாவிலும் இனக்கலப்புத் தடைச் சட்டம் உண்டு. கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, நிறம் ஒத்துப்போவதாக நினைத்தால் லைசென்ஸ் கொடுப்பார். மறுத்தால் வேறு மாவட்டம், வேறு மாநிலம். சிலர் நியூ மெக்சிகோவரை போக வேண்டியிருந்தது. அங்கே அந்தத் தடை இல்லை.

ஹார்லோவின் விமானப் பயணம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. இந்த விவசாயிகளின் பயணம் யாருடைய கேமராவிலும் விழவில்லை. இரண்டும் ஒரே பாலைவனம்தான். ஒருவருக்கு அது சாகசம், இன்னொருவருக்கு அலைச்சல்.

அந்தக் கதவு ஒரே நாளில் திறந்துவிடவில்லை. கலிபோர்னியாவின் தடையை 1948-ல் அதன் உச்ச நீதிமன்றம் உடைத்தது. நெவாடா 1959-லும் அரிசோனா 1962-லும் யூட்டா 1963-லும் தங்கள் சட்டங்களை நீக்கிக்கொண்டன. மிச்சமிருந்த மாநிலங்களின் சட்டங்கள் 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் லவ்விங் வழக்குத் தீர்ப்பில் விழுந்தன. ஒரே பாலினத்தவர் கல்யாணத்துக்கு நாடு முழுக்க வழி பிறக்க 2015 ஜூன் வரை ஆனது.

வழி இடமானது

டெத் வேலி 1933-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1936-ல் ஜோஷுவா ட்ரீ. இரண்டும் தேசியப் பூங்காவாக உயர்ந்தது 1994-ல். யூட்டாவின் ஆர்ச்சஸ் 1971-ல் பூங்காவானது. தங்கமும் வெள்ளியும் போராக்ஸும் எடுக்க வெளியாட்கள் போன நிலம், பார்ப்பதற்கென்றே போகும் நிலமாக மாறியது. பிறகு கைபேசிக் கேமரா வந்தது, இன்ஸ்டாகிராம் வந்தது. 2020-ல் கொரோனா வந்து, 200 பேர் அழைப்பிதழை 10 பேராகச் சுருக்கியது. சுருக்கியவர்களில் பலர் ‘இதுவே நன்றாக இருக்கிறதே’ என்றார்கள்.

இன்றைய ஜோடி எதிலிருந்து ஓடுகிறது? அப்பாவிடமிருந்து அல்ல, விருந்தினர் பட்டியலிலிருந்து. எந்த மேஜையில் எந்த அத்தையை உட்கார வைப்பது என்ற சண்டையிலிருந்து, மண்டபச் செலவிலிருந்து. அந்த விதத்தில் இதுவும் தப்பித்தல்தான். ஆனால் கேபிளுக்குக் காரும் ஒரு நண்பரும் போதும். இவர்களுக்குக் கையில் ஒரு நோட்டு நிறையத் திட்டம் வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் வர வேண்டியது இடமல்ல, மாநிலம். பலர் தடுமாறுவது இங்கேதான். லாஸ் வேகஸில் விமானம் இறங்கியதும் லைசென்ஸ் எடுப்பது சுலபம். கிளார்க் கவுண்டி அலுவலகம் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை, விடுமுறை நாளிலும் திறந்திருக்கும். கையில் காகிதத்தோடு இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் டெத் வேலியின் மணல்மேடு. ஆனால் அந்த மணல்மேடு கலிபோர்னியாவில் இருக்கிறது. நெவாடா லைசென்ஸ் நெவாடாவுக்குள் மட்டும்தான் செல்லும். உறுதிமொழி, மோதிரம், படம் எல்லாம் அழகாக அமைந்து, சட்டப்படி கல்யாணமே நடக்காமல் போகலாம். அதனால்தான் நெவாடா லைசென்ஸ் எடுத்தவர்கள் வேலி ஆஃப் ஃபயர் பூங்காவையோ, வேகஸுக்குத் தெற்கே உள்ள வறண்ட ஏரிப் படுகைகளையோ தேர்ந்தெடுக்கிறார்கள்.

சாட்சிக்கும் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. நெவாடாவில் ஒருவர், யூட்டாவிலும் அரிசோனாவிலும் இருவர். கொலராடோவில் சாட்சியும் வேண்டாம், நடத்திவைப்பவரும் வேண்டாம். ஜோடியே தங்கள் கல்யாணத்தை நடத்திக்கொண்டு கையெழுத்திடலாம். வட அமெரிக்காவின் உயரமான மணல்மேடுகள் கிரேட் சாண்ட் டியூன்ஸ் பூங்காவில், அதே கொலராடோவில் இருப்பது தனிமை தேடுகிறவர்களின் அதிர்ஷ்டம். சாட்சிக் கோட்டில் வளர்ப்பு நாயின் காலை மையில் தோய்த்து ஒற்றுகிறவர்களும் அங்கே உண்டு.

அடுத்தது மாதம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் இந்த நிலம் மனிதர்களைப் பொறுத்துக்கொள்ளும். டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 1913 ஜூலை 10-ம் தேதி பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலகச் சாதனையாக இருக்கிறது. பட்டுப் புடவையோ சாட்டின் கவுனோ, அந்த வெயிலில் போட்டோவுக்குச் சிரிக்க முடியாது.

பிறகு பெர்மிட். தேசியப் பூங்காவுக்குள் கல்யாணம் செய்ய, இருவர் மட்டுமே நின்றாலும், பெரும்பாலும் சிறப்பு அனுமதி வாங்கியாக வேண்டும். எந்த இடம், எத்தனை பேர், எந்த நேரம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அரிசி தூவக் கூடாது, பூவிதழ் தூவக் கூடாது, பலூன் கூடாது. 2014 முதல் தேசியப் பூங்காக்களில் ட்ரோனும் பறக்கக் கூடாது. மோனுமென்ட் வேலி, ஆன்டிலோப் கேன்யன் என்று படங்களில் மயக்கும் இடங்கள் நவஹோ மக்களுக்குச் சொந்தமான நிலம். அங்கே அனுமதி கொடுப்பது அவர்களுடைய அரசு. கேன்யனுக்குள் அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் கால் வைக்க முடியாது.

இருட்டில் ஒரு நடை

நாள் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். டெத் வேலியில் மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேடு. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நெற்றியில் கட்டிய விளக்கோடு நான்கைந்து பேர் நடக்கிறார்கள். கல்யாண உடை ஒரு பையில் மடித்து மணமகளின் முதுகில் இருக்கிறது. காலில் நடைக்கான பூட்ஸ். பூங்கொத்து ஈரத்துணி சுற்றி ஐஸ் பெட்டியில் வருகிறது. புகைப்படக்காரர் முன்னால் போகிறார். நேராக மேட்டில் ஏறாமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு, எல்லோரையும் தன் தடத்திலேயே கால் வைத்து வரச் சொல்கிறார். காரணம் எளிது. காற்று வரைந்த மணல் வரிகளின் மேல் ஒரு செருப்புத் தடம் விழுந்தால், படத்தில் அந்த ஆளரவமற்ற நிலம் காணாமல் போய்விடும். அடுத்த காற்று வரும்வரை அதை அழிக்கவும் முடியாது.

உச்சியில் ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்து மறைப்புக் கட்டி உடை மாற்றுகிறார்கள். கிழக்கே மலை விளிம்பு சிவந்ததும் உறுதிமொழி. வெளிச்சம் மென்மையாக இருப்பது சிறிது நேரம்தான். சூரியன் மேலே வந்துவிட்டால் நிழல் கறுத்துக் கண் கூசும். அதற்குள் கையெழுத்து, கட்டியணைப்பு, கேக், எல்லாம் முடிகிறது. காகிதத்தை நடத்திவைத்தவர் பத்து நாளுக்குள் கவுண்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

பையில் ஆளுக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதால் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி. காகித வரைபடமும் வேண்டும். கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளைச் சாலை என்று ஜிபிஎஸ் காட்ட, அதை நம்பிப் போய் மணலில் சிக்கி உயிர்விட்டவர்கள் டெத் வேலியில் உண்டு. கேன்வாஸ் பையின் இடத்துக்கு இத்தனை சாமான் வந்திருக்கிறது. கவலை என்னவோ பழைய கவலைதான்.

யூட்டாவின் மோவாப் பக்கம் போனால் காலடியிலேயே ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே மண்ணின் மேல் கறுப்பாக, மேடும் பள்ளமுமாக ஒரு தோல் படர்ந்திருக்கும். நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் பாசிச்செடியும் பின்னிய உயிர்த்தோல் அது. மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போகாமல் பிடித்துவைப்பதும், மழையின் ஈரத்தைத் தேக்குவதும், காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து மண்ணுக்குக் கொடுப்பதும் அதன் வேலை. ஒரு தடவை மிதித்தால் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதனால் நடக்கத் தெரிந்தவர்கள் பாறை மேலோ, ஓடைப் படுகை மணலிலோ மட்டும் கால் வைப்பார்கள். ஓடைப் படுகையிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1997 ஆகஸ்டில் ஆன்டிலோப் கேன்யனில் திடீர் வெள்ளம் 11 சுற்றுலாப் பயணிகளை அடித்துக்கொண்டு போனது. மழை பெய்தது எங்கோ தொலைவில்.

தனிமைக்கு வரிசை

இவ்வளவு பாடுபட்டுப் போகிற தனிமை கிடைக்கிறதா என்பது வேறு விஷயம். கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவின் மெசா ஆர்ச் முன்னால் விடியலில் முக்காலிகள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஆர்ச்சஸ் பூங்காவுக்கு 2021-ல் மட்டும் 18 லட்சம் பேர் வந்தார்கள். மறுவருடம் முதல் சில ஆண்டுகள், கூட்டம் அதிகமான மாதங்களில் காரில் நுழையவே நேரம் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஆளில்லாத இடத்தின் படத்தைப் பார்த்து எல்லோரும் அந்த ஆளில்லாத இடத்துக்கே வந்தால் வேறென்ன நடக்கும்? நல்ல புகைப்படக்காரர்கள் இப்போது இடத்தின் பெயரைப் படத்தோடு போடுவதில்லை. ரகசியம் காக்கும் பழக்கம் ஜோடியை விட்டு இடத்துக்குப் போயிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்து, ‘இதுவா ஓடிப்போவது? இது ஒரு ஷூட்டிங்’ என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிப்பில் நியாயம் உண்டு. ஓடிப்போவது என்ற பெயரில் மண்டபத்துக்குப் பதில் மணல்மேட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று சொன்னால் மறுப்பதும் கஷ்டம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று ஆபத்து இருந்தது கல்யாணத்தில். அப்பா, நிருபர், குமாஸ்தா, சட்டம் என்று வழிமறிக்க ஆள் இருந்தார்கள். பாலைவனம் அவர்களுக்கும் ஜோடிக்கும் நடுவில் கிடந்த தூரம். இன்று கல்யாணத்தில் இருந்த ஆபத்து அந்த நாட்டில் பெரும்பாலும் போய்விட்டது. அதனால்தான் சாகசத்தை நிலத்தில் போய்த் தேட முடிகிறது. இன்று ஒரு தமிழ்ப் பெண்ணும் வெள்ளைக்காரப் பையனும் அரிசோனாவின் செம்பாறை மேல் நின்று மோதிரம் மாற்றிக்கொண்டால், அவர்கள் கவலை காற்று முக்காட்டைப் பறக்க விடுமா என்பதாக இருக்கலாம். 1962-க்கு முன்பு அதே பாறை மேல் அந்தக் கல்யாணம் செல்லாக் கல்யாணம்.

வீட்டு எதிர்ப்புக்கும் கொலை மிரட்டலுக்கும் அஞ்சி ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள். நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் மணல்மேட்டைத் தேடுவதில்லை. காவல் நிலையம் பக்கத்தில் இருக்கிற பதிவு அலுவலகமாகப் பார்த்துத் தேடுகிறார்கள். எந்த மாதம் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று கேட்கும் நிதானம் அவர்களுக்கு வாய்க்காது. ஒரு வருடம் உட்கார்ந்து திட்டம் போட்டு ஓடிப்போவது, துரத்த ஆளில்லாதவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி. அந்த வசதி இன்னும் நிறையப் பேருக்குக் கிடைக்கட்டும்.